தள்ளி நில்லுங்க, அண்ணி!

"அந்தமானுக்கா போறே? ஏம்மா, அப்படி என்ன குத்தம் பண்ணிட்டே?" என்று எதிர்வீட்டு அம்மா கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய சினிமாவில் ஜட்ஜ் மேஜையைத் தட்டி, "அந்தமான் தீவுக்கு நாடு கடத்தி..." என்று தீர்ப்புச் சொல்வது நம் ஜனங்கள் மனசில் அப்படியே பதிந்துபோயிருக்கிறது! நான் போனது தண்டனைக்காக இல்லை. தம்பிக்குப் பிறந்த பெண் குழந்தையைப் பார்க்கத்தான் போனேன்.

எனக்கு நாற்பத்தாறு வயது. பத்தாவதோடு படிப்பு நின்றது. பிறந்தது செங்கம், வாழ்க்கைப்பட்டது திருவண்ணாமலை. நான் செய்த பெரிய யாத்திரையெல்லாம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றிவரும் அந்தப் பதினாலு கிலோமீட்டர்தான். என் தம்பிக்கு அந்தமானில் அரசாங்க உத்தியோகம், அதுவும் போர்ட் பிளேரில் இல்லை. அங்கிருந்து இன்னொரு கப்பல் ஏறிப் போகவேண்டிய சின்ன அந்தமான் தீவில், ஹட் பே என்ற ஊரில். தம்பி மனைவிக்குத் தாயார் இல்லை. பிரசவத்துக்கே நான் போயிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார்கள். கட்டுப் பிரித்து, நாத்தனாரைத் துணைக்கு வரவழைத்து, இவருக்கு லீவு கிடைத்து, 2023 பிப்ரவரியில்தான் கிளம்ப முடிந்தது. குழந்தைக்கு அப்போது இரண்டு மாதம் ஆகிவிட்டது.

கிளம்புகிற அன்று காலையில் எங்கள் வீட்டுக்கு வாடிக்கையாகத் தேன் கொண்டுவரும் மலைக்காரம்மா வந்தாள். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் அவளுக்கு ஊர். தேன், சாமை, புளி என்று அந்தந்தப் பருவத்துக்குக் கிடைப்பதை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து வருவாள். என் மாமியாருக்கு அவளிடம் பிரியம். பழைய புடவையெல்லாம் அவளுக்குத்தான். ஆனால் தண்ணீர் கொடுப்பதற்கு மட்டும் பின்கட்டு மாடத்தில் ஓர் அலுமினிய டம்ளர் தனியாக இருக்கும். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. அன்றைக்கும் நான் அதில்தான் தண்ணீர் கொடுத்தேன். தப்பாகவே தோன்றவில்லை. பழக்கம்!

"அங்க காட்டு மனுசங்க இருக்காங்களாமே... போட்டோ எடுத்துகிட்டு வா. அப்படியே நல்ல பவளமா ஒண்ணு பொறுக்கிகிட்டு வா, பேத்திக்குச் செவ்வாய் தோசம் இருக்கே" என்று மாமியார் சொல்லி அனுப்பினார்கள். இரண்டையுமே நான் கொண்டுவரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,200 கிலோமீட்டர். கப்பலில் கிட்டத்தட்ட அறுபது மணி நேரம் ஆகும். விமானத்தில் இரண்டரை மணி நேரம்தான். ஆனால் இவருக்குக் கப்பலில் போயே ஆகவேண்டும் என்று ஆசை. புளிசாதம், தயிர்சாதம், எலுமிச்சம்பழம், காய்ந்த நார்த்தங்காய் எல்லாம் கட்டிக்கொண்டு ஏறினோம். வாந்திக்கு டாக்டரிடம் கேட்டு மாத்திரையும் வாங்கியிருந்தேன். (கப்பல் ஏறப்போகும் சகோதரிகளுக்கு: மாத்திரையைக் கப்பல் ஆட ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோசனமில்லை, அதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.) முதல் நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. இரண்டாம் நாள் மேல்தளத்தில் போய் உட்கார்ந்தேன். நாலு பக்கமும் கடல். மலை தெரியாத நாள் என்று என் வாழ்க்கையில் அதுதான் முதல். கண் தன்னால் அண்ணாமலையைத் தேடியது!

அந்தக் காற்றில் ராத்திரி வெகு நேரம் உட்கார்ந்திருந்ததில் எனக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டதாக நினைத்தேன். எங்கள் பக்கத்துப் படுக்கைக்காரர் சென்னையிலிருந்தே இருமிக்கொண்டு வந்தார் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. கொரோனா சமயத்தில் வாங்கிய முகக்கவசம் இரண்டு பையிலேயே இருந்தது. யார் போட்டார்கள்!

போர்ட் பிளேரில் தம்பி வந்து காத்திருந்தான். (2024 செப்டம்பரில் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.) ஹட் பே கப்பலுக்கு இரண்டு நாள் இருந்தது. "வாக்கா, பவளப்பாறை பார்த்துட்டு வந்துடலாம்" என்று வண்டூர் என்ற இடத்துக்கு அழைத்துப்போனான். அங்கேதான் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா இருக்கிறது. 1983-ல் ஏற்படுத்தியது. பதினைந்து தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் அதில் அடக்கம். அதில் ஜாலிபாய் என்ற தீவுக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு படகில் போகவேண்டும். வருஷத்தில் பாதி நாள் அந்தத் தீவை மூடிவிட்டு, ரெட்ஸ்கின் என்ற இன்னொரு தீவைத் திறந்துவிடுகிறார்கள். பவளப்பாறைக்கும் ஓய்வு வேண்டுமல்லவா?

படகு ஏறுமுன் பையையெல்லாம் சோதனை போட்டார்கள். பிளாஸ்டிக் பை, பிஸ்கட் உறை எதுவும் கூடாது. நான் எவர்சில்வர் தூக்கில் சாப்பாடும் துணிப்பையும் வைத்திருந்ததால் தப்பித்தேன். கிரிவலப் பாதையில் பௌர்ணமி மறுநாள் காலையில் கிடக்கும் தட்டுகளையும் டம்ளர்களையும் நினைத்துக்கொண்டேன். நம் ஊரிலும் இப்படி ஒரு சோதனைச்சாவடி போட்டால் என்ன?

தீவை ஒட்டி, அடியில் கண்ணாடி பதித்த படகில் உட்கார வைத்தார்கள். குனிந்து பார்த்ததும் பேச்சு வரவில்லை. மான்கொம்பு மாதிரிக் கிளைகிளையாக ஒரு பாறை. மனித மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக இன்னொன்று. கிளிப்பச்சையில் மீன் கூட்டம். விளிம்பெல்லாம் நீலப் பட்டு ஜரிகை போட்ட மாதிரி ஒரு பெரிய சிப்பி, வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நமக்குப் பாறையாகத் தெரிவது உண்மையில் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு உயிர்கள் கட்டிய வீடாம். ஒவ்வோர் உயிரும் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொள்கிறது. அதன் உடம்புக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத பாசி ஒன்று குடித்தனம் இருக்கிறது. அந்தப் பாசி வெயிலில் உணவு சமைத்துப் பெரும் பகுதியை வீட்டுக்காரருக்கு வாடகையாகக் கொடுக்கிறது. பவளத்தின் நிறமும் அந்தக் குடித்தனக்காரர் கொடுத்ததுதான்.

"இப்படி ஒத்துமையா இருக்கிறவங்களுக்குள்ள எப்பக்கா சண்டை வருது தெரியுமா? கடல் தண்ணி வழக்கத்தைவிட ஒரு டிகிரி, ரெண்டு டிகிரி சூடு ஏறி, அப்படியே சில வாரம் நின்னா போதும். பவளம் பாசியை வெளியே தள்ளிடும். அப்புறம் தானே பட்டினியா நின்னு வெளுத்துப்போகும்" என்றான் தம்பி. 2010-ல் அந்தமான் கடலில் அப்படித்தான் நிறையப் பவளம் வெளுத்ததாம். 2016-லும் அந்தச் சூடு வந்தது. படகு கொஞ்சம் நகர்ந்ததும் அடுப்புச் சாம்பலைக் கொட்டிவைத்த மாதிரி ஓர் இடம் தெரிந்தது. செத்த பவளம். பெரிய உருண்டைப் பாறைகள் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும் என்றார்கள். ஆள் உயரப் பாறை என்றால் அதற்கு எத்தனை வயது இருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள்!

கரை ஓரம் முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். காலடியில் வெள்ளையாக ஒரு துண்டு கிடந்தது. மாமியார் சொன்னது ஞாபகம் வந்து குனிந்து எடுத்தேன். "தொடாதீங்கம்மா!" என்று காவலர் குரல் கொடுத்தார். உயிருள்ளதை மட்டுமில்லை, ஒதுங்கிக் கிடக்கும் துண்டைக்கூட எடுத்துப் போகக்கூடாதாம். 2001-லிருந்து இந்தப் பவளங்களுக்குப் புலிக்குக் கொடுக்கும் அதே சட்டப் பாதுகாப்பு. அதுவும் போக, மோதிரத்தில் பதிக்கும் சிவப்புப் பவளமே வேறு ஜாதியாம். இத்தாலி தேசத்துப் பக்கம் மத்தியதரைக் கடலில் எடுப்பது பேர்போனதாம். "ஒரு மனுசன் கை பட்டா, கால் மிதிச்சா, பல வருஷமா வளர்ந்தது ஒரு நிமிஷத்துல உடைஞ்சிடும்" என்றார் அவர். நான் வெட்கத்தோடு துண்டைத் தண்ணீரிலேயே விட்டேன். பத்து அடி தள்ளிப்போய் நாலு தும்மல் தும்மினேன்.

மறுநாள் ஹட் பே போகும் சிறு கப்பல். இதில் உல்லாசப் பயணிகள் நாலைந்து பேர்தான். மற்றதெல்லாம் அரிசி மூட்டை, காய்கறிக் கூடை, பரீட்சை எழுதிவிட்டுத் திரும்பும் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் கிழவர்கள். நம்ம டவுன்பஸ் தண்ணீரில் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வழியெல்லாம் பச்சைப் பச்சையாகத் தீவுகள் வந்துபோயின. எனக்கோ மனசெல்லாம் குழந்தை மேல். தங்கத்தில் ஒரு ஜோடி காப்பு, பருத்தித் துணியில் நானே தைத்த பத்துச் சட்டை, வசம்பு வளையல் எல்லாம் மடியிலேயே வைத்திருந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்து கை கால் கழுவி, "எங்கே என் மருமக?" என்று கையை நீட்டினேன். தம்பி மனைவி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் போனாள்.

"தப்பா நினைக்காதீங்க அண்ணி. உங்களுக்கு இருமல் இருக்கு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நல்லானதும் நீங்கதான் வச்சிக்கப்போறீங்க."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், மூன்று நாள் வாந்தி... எல்லாம் வாசற்படியில் நின்று பார்க்கவா? நாங்கள் மூன்று பிள்ளை பெற்று வளர்க்கவில்லையா? யார் இருமினார்கள், யார் தும்மினார்கள் என்றா பார்த்தோம்? அதைவிட வயிற்றெரிச்சல், இவருக்கு ஜலதோஷம் இல்லையாம், இவர் தூக்கலாமாம்! மடியில் போட்டுக்கொண்டு, "அத்தைக்கு டா டா காட்டு" என்று வேறு கொஞ்சுகிறார்! ராத்திரி போர்வைக்குள் அழுதேன். "இவ அம்மா இருந்திருந்தா தள்ளி நில்லுன்னு சொல்லியிருப்பாளா?" என்று இவரிடம் கேட்டுவிட்டேன். இவர் பதில் சொல்லவில்லை.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சமையல் செய்தேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பெங்காலி அம்மா வந்தார்கள். அவர்கள் குடும்பம் அகதிகளாக வந்து அந்தத் தீவில் குடியேறியது. தம்பி மொழிபெயர்க்க, பேச்சு ஆதிவாசிகள் பக்கம் திரும்பியது. அந்தத் தீவிலேயே ஓங்கே என்ற ஆதிவாசிகள் இருக்கிறார்கள், டூகாங் கிரீக் என்ற இடத்தில் தனியாக. "போய்ப் பார்க்கலாமா?" என்றேன் ஆவலாக. "கூடாதுக்கா" என்றான் தம்பி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த ஊர்ல எதைக் கேட்டாலும் தொடாதே, பார்க்காதே, தள்ளி நில்லு! நாம என்ன அவங்களைக் கடிச்சா தின்னப்போறோம்?"

அப்போது தம்பி சொன்னதை உங்களுக்கும் சொல்லவேண்டும்.

1858-ல் வெள்ளைக்காரர்கள் போர்ட் பிளேரில் கைதிகளைக் குடியேற்றினார்கள். அப்போது பெரிய அந்தமானியர் என்ற ஆதிவாசிகள் பல ஆயிரம் பேர் இருந்தார்களாம். முதலில் சண்டை. பிறகு நல்லது செய்வதாக நினைத்து 'அந்தமான் இல்லம்' என்று கட்டி அவர்களைக் கூட்டிவந்து சோறு போட்டார்கள், துணி கொடுத்தார்கள். கூடவே நோயும் கொடுத்தார்கள். அந்த இல்லங்களில் பிறந்த சுமார் 150 குழந்தைகளில் ஒன்றுகூட இரண்டு வயதைத் தாண்டவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். 1877-ல் தட்டம்மை வந்தது. நம் ஊரில் வேப்பிலை கட்டி, மாரியாத்தாளுக்குக் கூழ் ஊற்றி, தலைக்குத் தண்ணீர் விட்டால் முக்கால்வாசிப் பேர் எழுந்துவிடுவோம். தலைமுறை தலைமுறையாக அந்த நோயோடு பழகிய உடம்பு நமக்கு. அவர்களுக்கு அப்படியில்லை. கூட்டம் கூட்டமாக இறந்துபோனார்கள். 2011 கணக்கெடுப்பில் பெரிய அந்தமானியர் மொத்தம் 44 பேர். 'போ' என்ற அவர்கள் பாஷை ஒன்றைப் பேசத் தெரிந்த கடைசி மூதாட்டி போவா சீனியர் 2010 ஜனவரியில் காலமானார். அவரோடு அந்தப் பாஷையும் போயிற்று. கடைசிக் காலத்தில் தன் பாஷையில் ஒரு வார்த்தை பேச அவருக்கு ஆள் இல்லை! சகோதரிகளே, வேறு தேசத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன நம் பெண்கள் தமிழ் கேட்க எப்படி ஏங்குகிறார்கள்? ஆனால் அவர்களுக்குத் தமிழ் பேச ஓர் ஊராவது திரும்பிவர இருக்கிறது.

ஓங்கே மக்கள் 1901-ல் 672 பேர், 2011-ல் 101 பேர். 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஹட் பே நாசமானது. ஆனால் ஓங்கேக்கள் கடல் உள்வாங்குவதைப் பார்த்ததுமே மேட்டுக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டார்கள். படிப்பறிவில்லாதவர்கள் என்று யாரைச் சொல்வது?

ஜாரவாக்கள் 2011-ல் 380 பேர். வெளியாட்களை அண்டவிடாமல் இருந்தவர்கள் 1997, 98-ல்தான் காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். 1999-லேயே அவர்களைத் தட்டம்மை பிடித்துக்கொண்டது. நாள்கணக்கில் அவர்கள் கூடவே இருந்து வைத்தியம் செய்து காப்பாற்றிய டாக்டர் ரத்தன் சந்திர கர் என்பவருக்கு, நாங்கள் போவதற்கு முந்தைய மாதம்தான் பத்மஸ்ரீ அறிவித்திருந்தார்கள். அந்தப் பெங்காலி அம்மாவுக்கு அதில் ஒரே பெருமை. இவர்களையெல்லாம் காப்பாற்ற 1956-லேயே சட்டம் இருக்கிறது. இருந்தும் என்ன? ஜாரவாக்களின் காட்டு நடுவே போகும் சாலையில் வண்டி நிறையப் போய், பிஸ்கட்டும் வாழைப்பழமும் வீசி வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். பெண்களைச் சாப்பாட்டுக்கு ஆடச்சொல்லி எடுத்த படம் 2012-ல் வெளியாகி உலகமே காறித்துப்பியது. அதற்குப் பிறகு தண்டனையைக் கடுமையாக்கினார்கள். கொரோனா வந்தபோதும் 2020-ல் பெரிய அந்தமானியரில் சிலருக்குத் தொற்றிவிட்டதாம்.

"ஆஸ்திரேலியா, அமெரிக்கான்னு வெள்ளைக்காரன் போன இடத்துல எல்லாம் இதேதாங்க்கா நடந்தது. துப்பாக்கியால செத்தவங்களோட நோயால செத்தவங்க சேர்ந்து கணக்கே இல்லாம போச்சு" என்றான் தம்பி.

எனக்கு எங்கள் தெரு ஞாபகம் வந்தது. திருவண்ணாமலைக்கு வரும் வெளிநாட்டுக்காரர் ஒருவர், திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியாரைக் கேட்காமல் கொள்ளாமல் படம் பிடித்துக்கொண்டு போனார். "நான் என்ன கோயில் யானையாடி, வர்றவன் போறவன்லாம் படம் புடிக்க?" என்று அன்று முழுக்கப் புலம்பினார்கள். அதே மாமியார்தான் என்னைப் போட்டோ எடுத்துவரச் சொன்னதும்!

மறுநாள் குழந்தைக்குப் பத்தாவது வாரத் தடுப்பூசி. "நானும் வரேன்" என்று முகக்கவசம் போட்டுக்கொண்டு கூடப்போனேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெஞ்சு. தம்பி மனைவி ஊசிக்குப் பெயர் பதியப் போனாள். நான் ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். கட்டையான உருவம், சுருட்டை முடி, பூப்போட்ட நைட்டி, தோளில் தூளி மாதிரி கட்டிய துணியில் கைக்குழந்தை. நர்சம்மா மலையாளி. "ஓங்கே பெண்தான். ஊசி போட வந்திருக்காங்க" என்று என்னிடம் மெல்லச் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இலை ஆடையும் வில் அம்புமாக எதையோ கற்பனை செய்துவைத்திருந்தேன். இவளோ என் வீட்டு நைட்டியைப் போலவே ஒன்றைப் போட்டுக்கொண்டு, குழந்தையின் தலைக்கு வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்க்கக்கூடாது என்று நினைத்தாலும் கண் போகிறது. அந்தக் குழந்தையின் உள்ளங்கால் எனக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கை துறுதுறுவென்றது. அந்த நேரம் பார்த்துத் தொண்டையில் அரிப்பு எடுத்து இருமல் கிளம்பியது.

101 என்ற எண் என் மண்டைக்குள் மணி மாதிரி அடித்தது. அந்தக் குழந்தையையும் சேர்த்தால் எத்தனையோ! புடவைத் தலைப்பை முகக்கவசத்தின் மேலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடினேன். வாசலைத் தாண்டி, மரத்தடிக்கு வந்த பிறகுதான் மூச்சே விட்டேன். இருமி முடித்துத் திரும்பினால், அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் ஓட்டத்தையும் தலைப்பையும் பார்த்து அவளுக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். வேடிக்கை பார்க்க வந்தது யார், பார்த்தது யார்! உள்ளே அவள் குழந்தைக்கு ஊசி போட்டார்கள், வீல் என்று அழுதது. அடுத்து எங்கள் குழந்தை. அதுவும் அதே வீல். வெளியே நின்ற எனக்கு எது யாருடையது என்று வித்தியாசம் தெரியவில்லை.

அந்த மரத்தடியில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. நம் வீடுகளில் காலங்காலமாக "தள்ளி நில்லு" என்று சொல்லியிருக்கிறோம். அதெல்லாம் நம் மடி கெட்டுப்போகும், நம் பாத்திரம் தீட்டாகும் என்பதற்காக. தள்ளி நிற்கவேண்டியது எப்போதும் அவர்கள்தான். இங்கே தள்ளி நிற்கவேண்டியவள் நான். என் மூச்சுதான் அவர்களுக்கு ஆபத்து. தம்பி மனைவியும் அதைத்தானே சொன்னாள்? தாயில்லாத பெண், தனித்தீவில், தன் குழந்தையைக் காப்பாற்றிக்கொள்ள நாத்தனாரிடம் வாய்விட்டுச் சொன்னாள். சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டியிருக்கும்!

வீட்டுக்கு வந்ததும் அவளிடம், "நீ சொன்னதுதாம்மா சரி" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. "ரெண்டு நாளா நான் தூங்கலை அண்ணி" என்றாள். எட்டாம் நாள் இருமல் சுத்தமாக நின்றது. சோப்புப் போட்டுக் கை கழுவி, துவைத்த புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவளே குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். அந்தக் கனம் இன்னும் என் மடியில் இருக்கிறது.

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போகும் சகோதரிகள் இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் தவணையே ஒன்பது மாதம் முடிந்துதான் போடுகிறார்கள், இரண்டாவது பதினாறு மாதத்துக்கு மேல். அதுவரை பச்சைக்குழந்தைக்கு நாம் கொடுக்கும் பாதுகாப்புத்தான் பாதுகாப்பு. கக்குவான் இருமலும் அப்படியே. பெரியவர்களுக்கு அது வெறும் இருமலாகத் தெரியும், சிசுவுக்கு உயிர் போகும் வியாதி. ஜலதோஷம் இருந்தால் பார்க்கப் போவதைத் தள்ளிப்போடுங்கள். போய்விட்டால் முத்தம் கொடுக்காதீர்கள். "தூக்காதே" என்று பெற்றவள் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வீணாக்கியது போதும்.

ஊர் திரும்பியதும், "பவளம் எங்கடி?" என்றார் மாமியார். குடித்தனக்காரப் பாசியின் கதையைச் சொன்னேன். "போட்டோ?" என்றார். "கோயில் யானையா அத்தை அவங்க?" என்றேன். ஒரு நிமிஷம் விழித்துவிட்டுச் சிரித்துவிட்டார்கள்.

பங்குனியில் மலைக்காரம்மா வந்தாள், புளி கொண்டுவந்திருந்தாள். நல்ல வெயில். நான் பின்கட்டுக்குப் போகவில்லை. சமையலறையில் நாங்கள் குடிக்கிற எவர்சில்வர் சொம்பிலும் டம்ளரிலும் மோர் எடுத்துவந்து, திண்ணையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊற்றிக்கொடுத்தேன். அவள் டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு குடித்தாள். இருபத்தைந்து வருஷப் பழக்கத்தில் அன்றைக்குத்தான் அவளுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். நாலு பேர், அதில் கடைசிப் பெண் நர்ஸ் படிக்கிறாளாம்.

மாமியார் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் திட்டு விழும் என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பின்கட்டுக்குப் போனேன். மாடத்தில் அந்த அலுமினிய டம்ளரைக் காணோம். முற்றத்தில் அதில் மண் நிரப்பி, ஒரு துளசிக்கன்று நட்டிருந்தது.